மறுமொழிப் பாட்டு : எல்லா ஜெங்கின்ஸ் அம்மையாரும் குழந்தைகளின் நாட்டிசையும்

முன்னுரை

வாய்மொழிப் பாடலின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு ஓர் இடர்ப்பாடு எப்பொழுதும் எதிர்ப்படும். ஏட்டில் ஏறிய பாடலுக்கு ஏடு சான்றாகும். ஏறாத பாடலுக்குப் பாடுவார் வாயன்றி வேறு சான்று இல்லை. அவ்வாய்மொழிப் பாடல்களுள்ளும் குழந்தைகள் தமக்குள்ளே பாடி ஆடும் பாடல்கள் மிக விரைவில் மறைவன. அவற்றைப் பாடும் பருவம் சில ஆண்டுகளே. அப்பருவம் கடந்தோர் அவற்றைச் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்கிவிடுவர்; அறிஞரும் தாலாட்டையும் ஒப்பாரியையும் தேடித் தொகுத்த அளவுக்குக் குழந்தைகளின் ஆடற்பாட்டைத் தேடித் தொகுத்திலர்.

இவ்வாறு ஒதுக்கப்பட்ட பாடல்களையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி ஒருவர், 2024ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் சிகாகோ நகரில் தம் நூறாம் வயதில் மறைந்தார். அவர் 'எல்லா ஜெங்கின்ஸ்' என்பார். 1924ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். 1957 முதல் அவர் பாடல்கள் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. அவற்றின் தொகை நாற்பதை ஒட்டியது. மூன்று தலைமுறைக் குழந்தைகள் அவர் பாட்டைப் பாடி வளர்ந்தனர். 'குழந்தை இசையின் முதற் பெருமாட்டி' என்று அந்நாட்டு இதழ்கள் அவரைப் போற்றின.

இப்பட்டம் அன்பின் பாற்பட்டது. ஆராய்ச்சிக்கு அது போதாது. அம்மையார் பாடியவற்றுள் பல மரபுவழி வந்தன. பல அவரே இயற்றியன. இரு வகையும் இசைத்தட்டில் பதிவாகி, விலைக்கு விற்கப்பட்டன. இவற்றை நாட்டுப் பாடல் வரலாற்றில் வைத்து எண்ணுதல் தகுமா? தகும் எனின் எக்காரணத்தால் தகும்? இசைத்தட்டு என்னும் புதுக் கருவி வாய்மொழி மரபை வளர்த்ததா, உறையச் செய்ததா? இவ்வினாக்களை முன்வைத்து அம்மையாரின் பணியை நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மரபின் வேர்

ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, கூட்டத்தார் விடையடி இறுக்கும் முறை அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைக்கு உயிர்நிலை ஆகும். முன்னதை எடுப்பு என்றும் பின்னதை மறுமொழி என்றும் ஈண்டு வழங்குவோம். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்கள், தம் மொழியையும் பெயரையும் இழந்த நிலையிலும், இம்முறையை இழந்திலர். வயலில் வேலை செய்தபோதும், கூடி இறைவனை வழிபட்டபோதும், இரவில் வட்டமாக நின்று ஆடியபோதும் இம்முறையே அவர்தம் பாட்டைத் தாங்கிற்று.

பிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில், அடிமைகளின் பாட்டை மகிழ்ச்சியின் அடையாளமாகக் கொள்வது பெரும்பிழை என்றும், அது துயரத்தின் குரலே என்றும் விளக்கினார். உள்நாட்டுப் போர் முடிந்தபின் 1867இல் ஆலன், வேர், காரிசன் ஆகிய மூவர் அடிமை மக்களின் பாடல்களை முதன்முதலாக நூல்வடிவில் தொகுத்தனர். அத்தொகுப்பில் வழிபாட்டுப் பாடல்களே மிகுதி. குழந்தைகளின் பாடலுக்கும் ஆடற்பாடலுக்கும் உரிய இடம் கிடைக்க மேலும் அரை நூற்றாண்டு கழியவேண்டியிருந்தது.

அவ்விடத்தை அளித்தவர் தாமஸ் டாலி என்பவர். அவர் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரிலுள்ள பிஸ்க் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்தவர், தாமும் கறுப்பினத்தவர். 1922இல் அவர் வெளியிட்ட 'நீக்ரோ போக் ரைம்ஸ்' என்னும் தொகுப்பு, வெளியார் கேட்டெழுதிய நூல் அன்று. அம்மக்களுள் பிறந்து அப்பாட்டிடையே வளர்ந்த ஒருவர் எழுதிய நூல். பாடல்களைத் தொகுத்ததோடு அமையாது, அவற்றின் அமைப்பை ஆராய்ந்து, எடுப்பும் மறுமொழியும் எவ்வாறு பின்னி ஒரு பாட்டாகின்றன என்பதையும் அவர் விளக்கினார். பாட்டைச் சொல்லாக மட்டும் காணாது, பாடுவோர் இருவரிடையே நிகழும் செயலாகக் கண்ட முன்னோடி ஆராய்ச்சிகளுள் அது ஒன்று எனலாம்.

அத்தொகுப்பில் பசுவைப் பற்றிய வினாவிடைப் பாட்டு ஒன்று உள்ளது. பசுவுக்குத் தீனி இட்டாயா, என்ன இட்டாய், பால் கறந்தாயா, எவ்வாறு கறந்தாய் என்று தலைவர் வினவ, குழந்தைகள் விடை இறுப்பர். பசு நோயுறும், இறக்கும், இறுதியில் கழுகுகள் வந்து இறங்கும். கறக்கும் ஓசை, இறக்கும் ஓசை, கழுகின் சிறகோசை ஆகிய மூன்றும் ஒலிக்குறிப்புச் சொற்களாகவே வரும். வாழ்வும் சாவும் சிறிதும் மறைக்கப்படாத இப்பாட்டை ஜெங்கின்ஸ் அம்மையார் தம் குரலில் பதிவு செய்து நாடெங்கும் பரப்பினார். ஏட்டில் உறங்கிய பாட்டு மீண்டும் குழந்தைகளின் வாய்க்கு வந்த வரலாறு இது. டாலியின் நூலையும் அம்மையாரின் பதிவையும் அடுத்தடுத்து வைத்துக் காண்போர், வாய்மொழி மரபு என்பது ஏட்டுக்கு எதிரானது அன்று, ஏட்டையும் தாண்டி ஓடுவது என்பதை உணர்வர்.

2. வளர்ந்த சூழல்

1910 முதல் 1970 வரையுள்ள காலத்தில் ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் அமெரிக்கத் தென்மாநிலங்களை விட்டு வடக்கிலும் மேற்கிலும் உள்ள நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். சிகாகோவின் தென்பகுதி அவர்கள் சென்று தங்கிய இடங்களுள் தலையாயது. வெள்ளையர் வாழும் தெருக்களில் கறுப்பினத்தார் வீடு வாங்கலாகாது என்னும் ஒப்பந்தங்கள் அந்நாளில் நடைமுறையில் இருந்தன. அவற்றை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948இல்தான். ஆதலின் தெற்கின் பல மாநிலங்களிலிருந்து வந்தோர் ஒரு குறுகிய எல்லைக்குள் நெருங்கி வாழ நேர்ந்தது. நெருக்கடி கொடியது, எனினும் பல ஊர்ப் பாட்டுகள் ஒரு தெருவில் கலக்க அதுவே வழியாயிற்று.

இளம்பருவத்தில் அம்மையாரின் குடும்பம் அப்பகுதியிலேயே வீடு மாறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு புதுத் தெருவிலும் புதிய விளையாட்டு, புதிய கைகொட்டுப் பாட்டு, புதிய தாளம். தேவாலயங்களின் வழிபாட்டுப் பாட்டு தெருவரையில் ஒலித்தது. மௌத்தார்கன் வாசித்த மாமா ஒருவர் வழியாகப் 'புளூஸ்' என்னும் துயர்ப்பாட்டு மரபும், பிக் பில் புரூன்சி முதலியோர் இசையும் அவருக்கு அறிமுகமாயின. ரீகல் அரங்கில் காப் காலோவே என்னும் இசைஞரைக் கண்டார். காலோவே பொருளற்ற ஓசைகளை எடுத்துப் பாட, அரங்கு முழுவதும் அவ்வோசைகளைத் திருப்பிப் பாடும். எடுப்பு–மறுமொழி முறையில் தமக்கு ஆர்வம் ஊட்டியவர் காலோவேயே என்று அம்மையார் பிற்காலத்தில் கூறியுள்ளார்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. அம்மையார் முறையான இசைப்பயிற்சி பெற்றவர் அல்லர். அவர் பெற்ற பயிற்சி தெருவும் தேவாலயமும் அரங்கும் தந்த பயிற்சி. இம்மூன்றிடத்தும் பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையே சுவர் இல்லை. பின்னர் அவர் கல்லூரியில் கற்றதும் இசை அன்று. 1951இல் சான் பிரான்சிஸ்கோவில் சமூகவியலில் பட்டம் பெற்றார். மெக்சிகோ, கியூபா, போர்ட்டோ ரிக்கோ நாட்டு நண்பர்களிடமிருந்தும், உடன் தங்கிய யூத மாணவியரிடமிருந்தும் அவர்தம் பாட்டுகளைக் கற்றுக்கொண்டார். பாட்டை ஏட்டிலிருந்து கல்லாது, பாடுவாரிடமிருந்தே கற்கும் பழக்கம் அவரிடம் இறுதிவரை நீங்கவில்லை.

3. இசைத்தட்டின் வருகை

பட்டம் பெற்றுச் சிகாகோ திரும்பிய அம்மையார், 1952இல் இளம் பெண்கள் கிறித்தவ சங்கத்தில் பதின்பருவத்தினர்க்கான நிகழ்ச்சிப் பொறுப்பாளரானார். அந்நகரின் பொதுத் தொலைக்காட்சியில் 'இதுவே தாளம்' என்று பொருள்படும் பெயரோடு குழந்தைகளுக்கு ஒரு நிகழ்ச்சியை நடத்தினார். 1956இல் ஊதிய வேலையை விட்டு, பள்ளிதோறும் சென்று பாடுவதையே தொழிலாகக் கொண்டார். அடுத்த ஆண்டு அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 'எடுப்பும் மறுமொழியும் : தாளத்தோடு கூடிய கூட்டுப்பாட்டு' என்பது அதன் பெயரின் பொருள். குழந்தைகளுக்கு உரியதோர் இசைத்தட்டு, கதைப்பெயரோ விலங்கின் பெயரோ தாங்காது, ஒரு பாட்டிலக்கணக் குறியீட்டையே பெயராகத் தாங்கிவந்தது நோக்கத்தக்கது.

அதனை வெளியிட்டது நியூயார்க்கின் போக்வேஸ் நிறுவனம். அதனை 1948இல் தோற்றுவித்த மோசஸ் ஆஷ், இத்திய மொழி எழுத்தாளர் ஷோலெம் ஆஷ் என்பாரின் மகன். போலந்து நாட்டில் பிறந்தவர். உலக மக்களின் ஓசைகள் அனைத்தும் பதிவாதல் வேண்டும், பதிவானது எக்காலத்தும் கிடைத்தல் வேண்டும் என்பன அவர் கொள்கைகள். விற்பனை குறைந்த தட்டையும் அவர் பட்டியலிலிருந்து நீக்கியதில்லை. 1986இல் அவர் மறையுங்கால் அந்நிறுவனத்தின் தொகுதிகள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டிருந்தன. 1987இல் வாஷிங்டனிலுள்ள சுமித்சோனியன் நிறுவனம் அவற்றை ஏற்றபோது, எல்லாத் தொகுதிகளும் தொடர்ந்து கிடைக்கச் செய்தல் வேண்டும் என்னும் உடன்பாடும் உடன் ஏற்கப்பட்டது. அம்மையார் 1957இல் பாடிய பாட்டை இன்றும் ஒருவர் பெற்றுக் கேட்க இயலுவதற்கு அதுவே காரணம்.

குழந்தைகட்கு நாட்டுப் பாடலை அளிக்கும் முயற்சி அம்மையார்க்கு முன்னும் உண்டு. ரூத் கிராபோர்டு சீகர் அம்மையார் 1948இல் அமெரிக்க நாட்டுப் பாடல்களைக் குழந்தைகளுக்கென இசைக்குறிப்போடு தொகுத்தார்; அத்தொகுப்பின் பெயரிலேயே பீட் சீகர் 1953இல் ஒரு தட்டு வெளியிட்டார். உட்டி கத்ரி தம் குழந்தைக்கென இயற்றிய பாடல்கள் 1940களில் பதிவாயின. இவர்களுள் எவரும் குழந்தையைக் குறைத்து மதித்தவர் அல்லர். எனினும் இவர்தம் பதிவுகளில் பெரும்பாலும் பாடுவார் ஒருவர். கேட்கும் குழந்தை தட்டுக்கு வெளியே உள்ளது. ஜெங்கின்ஸ் அம்மையார் தட்டிலோ குழந்தைகளின் குரல் உள்ளேயே ஒலிக்கிறது. வேறுபாடு சிறிதெனத் தோன்றும், விளைவு பெரிது. வீட்டில் இருந்து கேட்கும் குழந்தை, தன்னை ஒத்த குழந்தை விடை சொல்லக் கேட்டுத் தானும் விடை சொல்லத் தொடங்குகிறது.

4. பாட்டின் அமைப்பு

அம்மையார் பாடிய பாடல்களை மறுமொழியின் இயல்பு நோக்கி நான்காக வகுக்கலாம் என்று யாம் கருதுகிறோம்.

முதலாவது எதிரொலி வகை. தலைவர் பாடிய தொடரைக் குழந்தைகள் அவ்வாறே திருப்பிப் பாடுவர். பொருள் விளங்காத பிறமொழிச் சொல்லும், பொருளே இல்லாத ஓசையும் இவ்வகையில் எளிதாக இடம்பெறும். பொருளறிவு முந்துறாமல் ஒலியறிவு முந்துறுவது இதன் இயல்பு.

இரண்டாவது மாறா மறுமொழி வகை. தலைவரின் அடி ஒவ்வொரு முறையும் மாறும். கூட்டத்தார் அடி மாறாது நிற்கும். புதியதைத் தாங்கும் பொறுப்பு தலைவருடையது. நிலைத்ததைத் தாங்கும் பொறுப்பு கூட்டத்தாருடையது. அச்சமுள்ள குழந்தையும் இவ்வகையில் தயங்காது கலந்துகொள்ளும்.

மூன்றாவது வினாவிடை வகை. முற்கூறிய பசுப்பாட்டு இதற்கு எடுத்துக்காட்டு. இங்கு மறுமொழி இல்லையேல் பாட்டே இல்லை. வினா மட்டும் தனித்து நின்று கதையை நடத்தாது.

நான்காவது திறந்த இடம் விடும் வகை. பாட்டின் சட்டகம் நிலைத்திருக்க, அதனுள் ஒரு சொல்லுக்கோ செயலுக்கோ இடம் ஒழிந்து நிற்கும். அவ்விடத்தைக் குழந்தை தன் பெயராலோ, கைகொட்டலாலோ, சீழ்க்கையாலோ நிரப்பும். 1966இல் வெளிவந்த 'நீ ஒரு பாட்டுப் பாடுவாய், நான் ஒரு பாட்டுப் பாடுவேன்' என்னும் பொருளுடைய தொகுதியின் முதன்மைப் பாடல் இவ்வகையினது, அம்மையாரே இயற்றியது. வினைச்சொல் ஒன்றை மாற்றினால் பாட்டு புதியதாகிவிடும். முன்னிலையும் தன்மையும் அதில் இணையாக நிற்கின்றன. ஆசிரியர் பாட மாணவர் கேட்பது என்னும் ஒழுங்கு அதன் இலக்கணத்திலேயே இல்லை.

இவ்வகைகள் ஒன்றோடொன்று கலந்தும் வரும். கறுப்பினச் சிறுமியர் கைகொட்டி விளையாடும் 'மேரி மாக்' பாட்டை எடுத்துக்கொள்வோம். கறுப்பு உடையும் வெள்ளிப் பொத்தானும் அணிந்த ஒருத்தி, யானை வேலி தாண்டும் காட்சியைக் காணத் தாயிடம் காசு கேட்கும் பாட்டு அது. அடிதோறும் ஈற்றுச் சொல் மும்முறை அடுக்கி வருவது அதன் அமைப்பு. பொருளை நோக்கின் அடுக்கு வேண்டியதில்லை; கைகொட்டை நோக்கின் அவ்வடுக்கே பாட்டின் அச்சாணி. தனிச்சொல்லாகவும், கைத்தட்டாகவும், எதிரே நிற்பாளுக்கு விடும் அழைப்பாகவும் அது ஒருங்கே நிற்கிறது. அம்மையார் இப்பாட்டின் ஒரு வடிவத்தை 1966ஆம் ஆண்டுத் தொகுதியில் எடுப்பு–மறுமொழியாகப் பாடினார். இருவர் விளையாட்டு ஒரு வகுப்பு முழுவதன் பாட்டாக விரிந்தது.

அவர் கையாண்ட கருவிகளும் இந்நோக்கிற்கு இயைந்தவை. யூக்கலேலி என்னும் சிறு நரம்புக்கருவி, மௌத்தார்கன், சிறு பறை, தாளக்கோல் முதலியவை எங்கும் எடுத்துச் செல்லத்தக்கவை, குழந்தையின் கைக்கு அடங்குவன, அச்சமூட்டாதன. மௌத்தார்கன் வாசிப்பவர் அவ்வேளையில் வாய்திறந்து பாட இயலாது. ஆதலின் அப்போது பாட்டைத் தாங்குவோர் குழந்தைகளேயாவர். தலைவர் விலகி நிற்கும் இடைவெளியைக் கருவியே உண்டாக்கித் தருகிறது.

5. வகுப்பறையும் நிறவேற்றுமையும்

அம்மையார் பள்ளிதோறும் பாடச்சென்ற காலம் எளிய காலம் அன்று. கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளையினக் குழந்தைகளையும் வேறு வேறு பொதுப்பள்ளிகளில் பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954 மே 17ஆம் நாள். தீர்ப்பு வந்த அளவில் நாடு மாறிவிடவில்லை. ஊர்விட்டு ஊர் சென்று பாடிய அம்மையார், தங்கும் விடுதியிலும் உண்ணும் விடுதியிலும் நிறவேற்றுமையின் கொடுமையை எதிர்கொண்டார். பகலில் எவ்வூர்க் குழந்தைகளுக்குப் பாட்டுக் கற்பித்தாரோ அவ்வூரில் இரவு தங்க இடம் கிடைத்தல் உறுதியன்று.

சிகாகோவில் இனச் சமத்துவப் பேரவையின் பணிகளில் அவர் பங்குகொண்டார். எனினும் மேடைப் பேச்சினும் அவர் பாட்டே ஆழ்ந்து செயற்பட்டது என்க. 1960களின் குடியுரிமைப் போராட்டத்தில் ஊர்வலங்களையும் சிறைக்கூடங்களையும் நிறைத்த விடுதலைப் பாடல்கள் எடுப்பு–மறுமொழி அமைப்பினவே. ஒருவர் எடுக்க ஆயிரவர் இறுக்கும் அப்பாட்டு அஞ்சியவரையும் கூட்டத்தோடு பிணித்தது. அதே அமைப்பைத்தான் அம்மையார் ஐந்து வயதுக் குழந்தைகளுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தார். கெயில் வால்டு என்னும் பேராசிரியர் 2025இல் வெளியிட்ட 'திஸ் ஈஸ் ரிதம்' என்னும் வாழ்க்கை வரலாறு, அம்மையாரின் குழந்தை இசையை நீண்ட குடியுரிமைப் போராட்டத்தின் ஒரு கூறாகவே காண்கிறது. அக்கருத்து ஏற்புடையது என்பதற்குப் பாட்டின் அமைப்பே அகச்சான்றாகும். அடிமை வயலில் தோன்றிய பாட்டுமுறையை, அவ்வடிமைகளின் கொள்ளுப்பேத்தியர் காலத்தில், வெள்ளையினக் குழந்தைகளும் தம் வாயால் பாடி விடை இறுக்கின்றனர். அறிவுரை எதுவும் கூறாமலே, ஒருவர் குரலுக்கு மற்றவர் காத்திருந்து விடை சொல்லும் பண்பு பயிற்சியாகிவிடுகிறது.

6. தடைகளும் விடைகளும்

இனி, இப்பாடல்களை நாட்டுப் பாடல் எனக் கொள்வதற்கு எழக்கூடிய தடைகளை ஆராய்வோம்.

ஆசிரியர் பெயர் அறியப்படாமை நாட்டுப் பாடலின் இலக்கணம் என்பர் சிலர். அம்மையார் இயற்றியவற்றுக்கு ஆசிரியர் பெயர் உண்டு, உரிமையும் உண்டு. ஆயினும் எந்நாட்டுப் பாடலும் முதலில் யாரோ ஒருவர் வாயிலிருந்தே பிறந்திருத்தல் வேண்டும். பெயர் மறைந்தமை பாட்டின் இயல்பு அன்று, பதிவின்மையின் விளைவு. நாட்டுப் பாடலுக்கு உண்மையான இலக்கணம் அது வாழும் முறையிலேயே உள்ளது. கூட்டத்தார் அதனைத் தமதாக்கிக் கொள்கின்றனரா, பாடுந்தோறும் மாற்றுகின்றனரா, ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டுக் கற்கின்றனரா என்பனவே வினவத்தக்கன. இம்மூன்றும் அம்மையார் பாடல்களுக்குப் பொருந்துவன.

பதிவு பாட்டை உறையச் செய்யும் என்பது இரண்டாம் தடை. இதில் உண்மை உண்டு. அதனை மறைத்தல் தகாது. தெருவுக்குத் தெரு வேறுபட்டு வழங்கிய மேரி மாக் பாட்டின் ஒரு வடிவம் தட்டில் ஏறி ஆயிரம் வகுப்பறைகளுக்குச் செல்லுங்கால், ஏனை வடிவங்கள் பின்னடைதல் இயல்பே. ஜார்ஜியா மாநிலக் கடல்தீவுகளின் பாட்டு மரபைக் காத்த பெஸ்ஸி ஜோன்ஸ் அம்மையார், பெஸ் லோமாக்ஸ் ஹாஸ் என்பாரோடு இணைந்து 1972இல் வெளியிட்ட நூலில், பாட்டோடு ஆடும் முறையையும் நிற்கும் நிலையையும் விரிவாக விளக்கியது இக்குறையை உணர்ந்தோர் செயலாகும். ஒலித்தட்டு காலடியைக் காட்டாது. எனினும் ஜெங்கின்ஸ் அம்மையார் தட்டுகள் முழுமையை உரிமை கொண்டாடாதவை. திறந்த இடம் விட்ட பாட்டை எத்தட்டும் முழுதும் உறைவிக்க இயலாது. அதில் உள்ளது பாட்டின் ஒரு பாதியே. மறுபாதி கேட்பவரிடம் உள்ளது.

பிற மக்களின் பாடல்களைச் சிறுசிறு துணுக்குகளாகப் பாடியமை மூன்றாம் தடை. 1995இல் வெளிவந்த பல பண்பாட்டுக் குழந்தைப் பாடல்கள் என்னும் தொகுதி மிகுதியும் பரவியது. பல மொழி வாழ்த்துச் சொற்களும் பாட்டுகளும் அதில் உள்ளன. ஒரு மக்களின் பாட்டை அதன் சடங்கினின்றும் நிலத்தினின்றும் பிரித்து இரண்டொரு அடியாகத் தருவது, அம்மக்களை அறியச் செய்தல் ஆகுமா என்று வினவுவோர் உளர். முழுமையான அறிவு ஆகாது என்பதே நேரிய விடை. ஆயினும் அது அறிவின் வாயில் ஆகும். பிறமொழி ஒலியை நகையாடாது தன் நாவால் ஒலித்துப் பழகிய குழந்தைக்கு அம்மொழியினர் அயலார் அல்லர். அத்தொடக்கத்திற்குமேல் கற்பிக்கும் கடமை பள்ளிக்கும் பல்கலைக்கழகத்திற்கும் உரியது. ஒரு பாடகியின் தலையில் அதனையும் ஏற்றுதல் நெறியன்று.

அம்மையார்க்குக் கிடைத்த சிறப்புகளும் இவ்வாராய்ச்சிக்கு ஒளி தருகின்றன. 2004இல் இசைத்தொழில் உலகம் வாழ்நாட் சாதனைக்குரிய கிராமி விருதை அளித்தது. 1966ஆம் ஆண்டுத் தொகுதி, பேணத்தக்க ஒலிப்பதிவாக 2007ஆம் ஆண்டிற்குரிய பட்டியலில் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 2017இல் நாட்டுக்கலை மரபினர்க்கென அரசு வழங்கும் தேசிய மரபுரிமைச் சிறப்பு அவரை அடைந்தது. தொழில் உலகம், ஆவணக் காப்பகம், மரபுக்கலை மன்றம் ஆகிய மூன்றும் ஒருவரையே தம்மவர் என்று கொண்டமை அரிது. தட்டில் பாடும் தொழிலராகவும் மரபின் வழியினராகவும் ஒருங்கே விளங்கிய அவர் நிலைக்கு இதனினும் தெளிந்த புறச்சான்று வேண்டுவதில்லை.

7. ஆராய்ச்சி முறைக்கு ஒரு குறிப்பு

எடுப்பும் மறுமொழியும் தமிழ் மாணவர்க்குப் புதியன அல்ல. ஏற்றம் இறைப்போர் பாட்டிலும், படகு வலிப்போர் பாட்டிலும், கும்மியிலும் ஒருவர் எடுக்கப் பலர் தொடர்வதை நாம் அறிவோம். ஆயினும் ஒப்புமை வேறு, உறவு வேறு. கூடி உழைக்கும் மக்கள் கூடிப் பாடும் முறையை ஆங்காங்கே தாமே கண்டனர் என்று கொள்வதே சான்றுக்கு இயைந்தது.

நாம் கொள்ளத்தக்கது வேறொன்று. வாய்மொழிப் பாட்டைத் தொகுப்போர் சொல்லை எழுதுகின்றனர். பாடினோர் பெயரும் ஊரும் குறிக்கின்றனர். எவ்வடி யாருடையது, எவ்விடத்துக் கூட்டம் நுழைகிறது, எவ்விடத்தில் கை கொட்டப்படுகிறது, எவ்விடம் மாற்றத்துக்கெனத் திறந்து கிடக்கிறது என்பவற்றையும் குறித்தாலன்றி அப்பாட்டு முழுதும் தொகுக்கப்பட்டதாகாது. அச்சிட்ட பக்கத்தில் ஒரே குரலாகத் தோன்றும் பாட்டு, களத்தில் இரு குரலாக இருந்திருக்கலாம். மறுமொழியை விட்டுவிட்டால் பாட்டின் பாதி போய்விடும். எஞ்சியதைக் கொண்டு அதன் அழகையும் பொருளையும் மதிப்பிடல் பிழைபடும். குழந்தைகளின் பாட்டைத் தொகுக்கும் முதுகலை மாணவர் இதனை முதற்கண் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றான் பெறப்படுவன இவை. ஜெங்கின்ஸ் அம்மையார் குழந்தைகளை மகிழ்வித்த பாடகியர் என்னும் அளவில் அமைபவர் அல்லர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் எடுப்பு–மறுமொழி மரபை இருபதாம் நூற்றாண்டின் வகுப்பறைக்கும் இசைத்தட்டுக்கும் கொண்டுவந்த வரலாற்றுப் பாலம் ஆவார். ஆசிரியர் பெயர் தெரிந்த பாட்டும், பதிவான பாட்டும், வாழும் முறையால் நாட்டுப் பாடல் ஆதல் கூடும் என்பதற்கு அவர் பாடல்கள் சான்று. பதிவினால் வடிவங்கள் குன்றும் இழப்பு உண்டு. ஆயினும் கேட்பவர் நிரப்புதற்குரிய இடத்தை விட்ட பாட்டு அவ்விழப்பை ஓரளவு ஈடு செய்கிறது. அப்பாட்டின் அமைப்பே சமத்துவப் பயிற்சியாக அமைந்தது.

அவருடைய பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றைப் பெற்று ஆராய விரும்புவோர் தனித்திருந்து செவிமடுத்துக் குறிப்பெழுதி அமைதல் போதாது. நால்வராயினும் கூடி, அவர் எடுக்கும் இடத்தில் கேட்டு, நிறுத்தும் இடத்தில் விடை இறுத்துப் பாடிப் பார்த்தல் வேண்டும். அங்ஙனம் பாடினாலன்றி அப்பாட்டு ஆய்வாளர் செவிக்கும் முழுமையாக எட்டாது. பாடியவர் மறைந்தார், அவர் விடை சொல்வதற்கென விட்டுச்சென்ற இடங்கள் நிரப்புவோர்க்காகக் காத்திருக்கின்றன.